மணி அடிக்காத ஆட்டம்

சில நாட்களுக்கு முன் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வியாசப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். "விடாமுயற்சி" என்பது தலைப்பு. ஒரு பையன் இரண்டு பக்கம் அழகாக எழுதிக்கொண்டு வந்து, "ஆகையால் நாம் அனைவரும்" என்ற இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டான். அதற்குப் பிறகு ஒரு புள்ளிகூட இல்லை; வெறும் காகிதம்.

பையனைக் கூப்பிட்டேன். "ஏனப்பா, நாம் அனைவரும் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்டேன்.

"மணி அடித்துவிட்டது, ஸார்" என்றான், கொஞ்சமும் தயங்காமல்.

விடாமுயற்சியைப் பற்றிய வியாசத்தை மணிச்சத்தம் கேட்டவுடன் விட்டுவிட்ட அந்தப் பிள்ளையைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. உலகத்தில் முக்கால்வாசிக் காரியங்கள் மணியைப் பார்த்துத்தானே நடக்கின்றன? பள்ளிக்கூடம், காரியாலயம், ரயில் வண்டி எல்லாமே மணிக்குக் கட்டுப்பட்டவை. கடைசி மணி எப்போது அடிக்கும் என்று வாத்தியார்களும் காத்திருப்பதுண்டு என்ற இரகசியத்தை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆயினும் மறுநாள் பாடத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, மணியே அடிக்காத ஓர் ஆட்டத்தின் கதையை அந்த வகுப்புக்குச் சொன்னேன். கதையின் முடிவில் அந்தப் பையன் கேட்ட ஒரு கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கதையையும் கேள்வியையும் இந்த வாரம் நேயர்கள் முன் வைக்கிறேன்.

அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் என்று ஒரு ராஜ்யம் இருக்கிறது. அந்த நாட்டின் ஐம்பது ராஜ்யங்களிலும் மிகச் சிறியது அதுவே. அதில் பிளாக்ஸ்டோன் நதிக்கரையில் பட்டக்கெட் என்பது ஓர் ஊர். ஊர் சிறியதானாலும் கீர்த்தி சிறியதன்று. இங்கிலாந்திலிருந்து யந்திரங்களின் அமைப்பையெல்லாம் மனத்திலேயே பதித்துக்கொண்டு கப்பலேறி வந்த சாமுவேல் ஸ்லேட்டர் என்பவரின் பஞ்சாலை 1793-ம் வருஷத்தில் இந்த ஊரில்தான் எழுந்தது. நீர் வேகத்தால் ஓடும் யந்திரங்களைக் கொண்டு நூல் நூற்கும் தொழில் அமெரிக்காவில் வேர் பிடித்தது அங்கிருந்துதான். பின்னால் ஆலைகள் ஒவ்வொன்றாகக் கதவை மூடின. ஊருக்கு மிஞ்சிய சந்தோஷங்களில் ஒன்று, 1942-ல் திறக்கப்பட்ட மக்காய் ஸ்டேடியம் என்ற பேஸ்பால் மைதானம்.

அந்த மைதானத்தைச் சொந்த வீடாகக் கொண்டு ஆடிய கட்சிக்குப் பட்டக்கெட் ரெட் ஸாக்ஸ் என்று பெயர். இது பெரிய கட்சி அல்ல. அமெரிக்கப் பேஸ்பாலில் உச்சியில் இருப்பது மேஜர் லீக். அதற்குக் கீழே படிப்படியாக மைனர் லீக்குகள் இருக்கின்றன. மேஜர் லீக் கட்சி ஒவ்வொன்றும் மைனர் லீக் கட்சிகள் சிலவற்றைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, வளரும் பிள்ளைகளை அங்கே பழக்குகிறது. பாஸ்டன் ரெட் ஸாக்ஸ் என்ற பிரபல கட்சிக்கு நேர் கீழ்ப்படிதான் பட்டக்கெட். பாஸ்டனுக்கும் பட்டக்கெட்டுக்கும் இடையே சுமார் நாற்பது மைல்தான் தூரம். ஆனால் அந்த நாற்பது மைலைக் கடக்க முடியாமலே ஆயுளில் பாதியைக் கழித்த ஆட்டக்காரர்கள் எத்தனையோ பேர். சம்பளம் சொற்பம், பிரயாணம் அதிகம். என்றைக்காவது ஒரு நாள் மேலேயிருந்து அழைப்பு வரும் என்ற நம்பிக்கைதான் அவர்களுக்கு முக்கிய ஆகாரம்.

1977-ல் பாப்பராகிக் கிடந்த இந்தக் கட்சியை வாங்கியவர் பென் மாண்டர் என்ற ஓய்வு பெற்ற நெசவுத் தொழிலதிபர். குடும்பத்தோடு வந்து குறைந்த செலவில் ஆட்டம் பார்க்கும்படியான இடமாக அவர் அதை மாற்றினார். அந்த மைதானத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஆட்டக்காரர்கள் உட்காரும் இடம் ஜனங்களின் ஆசனங்களுக்கு நேர் கீழே அமைந்திருந்தது. குழந்தைகள் காலிப் பால் குடுவையை வெட்டி, அதற்குள் ஒரு பந்தும் பேனாவும் வைத்து, கயிற்றில் கட்டி மேலேயிருந்து கீழே விடுவார்கள். ஆட்டக்காரர் பந்தில் கையெழுத்துப் போட்டதும் கிணற்றில் தண்ணீர் சேந்துவது போல் மேலே இழுத்துக்கொள்வார்கள்! அப்படிப்பட்ட நெருக்கமான ஊர்ப் பந்தயம் அது.

இனி ஆட்டத்தின் விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இது சிரமமாக இராது. ஒருவர் பந்தை எறிகிறார். எதிர்க்கட்சிக்காரர் மட்டையால் அடிக்கிறார். அடித்தவர் முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் என்று சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்துவிட்டால் ஒரு ஓட்டம். ஒரு கட்சியில் மூன்று பேர் அவுட் ஆனவுடன் மற்றக் கட்சி அடிக்க வேண்டும். இரண்டு கட்சியும் ஒரு முறை அடித்து முடித்தால் ஓர் இன்னிங்ஸ். இப்படி ஒன்பது இன்னிங்ஸ் ஆனால் ஆட்டம் முடிந்தது.

ஒன்பதிலும் ஓட்டங்கள் சமமாக இருந்தால்? சமம் என்று கை குலுக்கிக்கொண்டு போக முடியாது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று, யாராவது ஒருவர் ஜயிக்கும் வரையில் ஆடிக்கொண்டே போகவேண்டும். கால்பந்தில் கடிகாரம் இருக்கிறது. கிரிக்கெட்டில் பொழுது சாய்கிறது. பேஸ்பாலில் இரண்டும் இல்லை. மேலும், ஒவ்வொரு இன்னிங்ஸிலும் வெளியூர்க் கட்சி முதலில் அடிக்கும். சொந்த ஊர்க் கட்சி பின்னால் அடிக்கும். ஆகவே சொந்த மைதானத்தில் ஆடுகிறவர்களுக்குக் கடைசி வார்த்தை எப்போதும் பாக்கி இருக்கும். தோற்றுக்கொண்டிருந்தாலும், அந்தக் கடைசி மூன்று அவுட்டும் ஆகும் வரையில் தோல்வி இல்லை. நான் சொல்லவந்த கதை முழுவதும் இந்த இரண்டு விதிகளின் மீதுதான் நிற்கிறது.

1981-ம் வருஷம் ஏப்ரல் 18-ந் தேதி, சனிக்கிழமை. மறுநாள் ஈஸ்டர் பண்டிகை. பட்டக்கெட்டுக்கு வந்திருந்த விருந்தாளிகள் நியூ யார்க் ராஜ்யத்தைச் சேர்ந்த ராச்செஸ்டர் ரெட் விங்ஸ் கட்சியினர். இது பால்ட்டிமோர் ஓரியோல்ஸ் என்ற மேஜர் லீக் கட்சியின் கீழ்ப்படி. விளக்குகளில் ஏதோ கோளாறு ஏற்பட்டு, ஆட்டம் அரை மணி நேரம் தாமதமாக இரவு எட்டு மணி சுமாருக்குத் தொடங்கியது. குளிரும் காற்றும் கடுமையாக இருந்த அந்த இரவில் டிக்கெட் வாங்கி வந்திருந்தவர்கள் 1,740 பேர்.

ஏழாவது இன்னிங்ஸில் ராச்செஸ்டர் ஒரு ஓட்டம் எடுத்தது. பட்டக்கெட்டாரால் எட்டாவது வரையில் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒன்பதாவதின் பின் பாதியில், எல்லாரும் மேலங்கியை மாட்டிக்கொண்டு கிளம்புகிற சமயத்தில், சிக்கோ வாக்கர் இரண்டாம் தளம் வரையில் ஓடும்படி ஒரு அடி அடித்தார். பிறகு பந்தெறிபவரின் பிழையால் மூன்றாம் தளம் சேர்ந்தார். ரஸ் லாரிபீ பந்தை உயரத் தூக்கி அடித்துத் தாம் அவுட் ஆனாலும் வாக்கரை வீடு கொண்டுவந்து சேர்த்தார். ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் பிழைத்தது.

பத்தாவது இன்னிங்ஸில் ஒன்றுமில்லை. பதினைந்தாவதிலும் ஒன்றுமில்லை. நள்ளிரவு கடந்தது. காற்று மைதானத்துக்குள் எதிர்முகமாக வீசி, தூக்கி அடித்த பந்தையெல்லாம் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்த லீக்கில் இதற்கென்று ஒரு விதி இருந்தது. இரவு 12 மணி 50 நிமிஷத்துக்குப் பிறகு புது இன்னிங்ஸ் எதுவும் தொடங்கக்கூடாது என்பது அது. விதி இருந்தது வாஸ்தவந்தான். ஆனால் அன்று அம்பயரின் கையிலிருந்த விதிப் புத்தகத்தில் அந்தப் பகுதியைக் காணோம்! புத்தகத்தில் இல்லாததை நான் எப்படிச் செய்வது என்பது அம்பயரின் கட்சி. பரீட்சைக் காரியங்களில் பழகிய எனக்கு அந்த மனிதரிடம் அனுதாபமே உண்டாகிறது. புத்தகத்தில் இல்லாததால் ஆட்டம் நடந்தது.

சாப்பாட்டுப் பண்டங்கள் தீர்ந்துபோயின. ஆட்டக்காரர்கள் உடைந்த மட்டைகளையும் மர பெஞ்சின் துண்டுகளையும் தகர டிரம்மில் போட்டுத் தீ மூட்டிக் குளிர் காய்ந்தார்கள். ஜனங்கள் பத்துப் பத்துப் பேராக எழுந்து போனார்கள்.

இருபத்தொன்றாவது இன்னிங்ஸில் ராச்செஸ்டரின் காச்சர் டேவ் ஹப்பர்ட் அடித்த அடியால் அவர்களுக்கு இன்னொரு ஓட்டம் கிடைத்தது. இரண்டுக்கு ஒன்று. "ஒரு வழியாக முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்" என்று இரு கட்சியிலும் பலர் மனத்துக்குள் மூச்சு விட்டிருப்பார்கள். பட்டக்கெட்டார் மட்டும் பேசாமல் மூன்று அவுட் ஆகியிருந்தால், யாரும் அவர்களைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் டேவ் கோஸா என்ற முதல் தளக் காவலர் இரண்டாம் தளம் சேரும்படி அடித்தார். அவருக்குப் பின் வந்த வேட் பாக்ஸ் இன்னொரு அடி அடித்துக் கோஸாவை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மறுபடியும் சமம். சொந்தக் கட்சி தோல்வியிலிருந்து தப்பியதற்காகச் சந்தோஷப்படுவதா, தூக்கம் போனதற்காக அழுவதா என்று பாக்ஸின் தோழர்களுக்கே தெரியவில்லை!

அடுத்த இன்னிங்ஸில் பட்டக்கெட்டின் மேனேஜர் ஜோ மார்கன் அம்பயரோடு வாதாடியதற்காக மைதானத்தை விட்டு வெளியேற்றப்பட்டார. அவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாரா? இல்லை. பின் சுவரில் இருந்த ஒரு துவாரத்தின் வழியாக மீதி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்தாறாவதில் பட்டக்கெட்டின் ஸாம் போவென் அடித்த பந்து வேலியைத் தாண்டிவிட்டது என்றே எல்லாரும் எண்ணினார்கள். காற்று அதைத் திருப்பிக்கொண்டு வந்து எதிராளியின் கையில் கொடுத்தது.

பட்டக்கெட்டின் பந்தெறிபவர்களில் லூயி அப்போன்ட்டே என்று ஒருவர். தம் பங்கை முன்னமே முடித்துவிட்டபடியால், விடியற்காலையில் அவரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். கதவைத் தட்டினார். இத்தனை நேரம் எங்கே போயிருந்தீர் என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல். ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தேன் என்றார் கணவர். எந்த ஊரில் விடிய விடிய பேஸ்பால் ஆடுகிறார்கள் என்று அந்த அம்மாள் நம்ப மறுத்துவிட்டாள். காலையில் பத்திரிகையில் பார்த்துக்கொள் என்று சொல்லவும் வழியில்லை. ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை அச்சாகும்போது ஆட்டமே முடியவில்லை! இந்த இடத்தில் எங்கள் வகுப்பில் எழுந்த சிரிப்பு பக்கத்து அறை வரையில் கேட்டது.

முப்பத்திரண்டாவது இன்னிங்ஸின் முன் பாதியில் ராச்செஸ்டரின் ஜான் ஹேல் ஓடி வந்து வீட்டைத் தொடும் தறுவாயில் இருந்தார். காற்றினால் ஏமாற்றப்பட்ட அதே ஸாம் போவென், வெளி மைதானத்திலிருந்து பந்தைக் குறி தவறாமல் எறிந்து அவரை அவுட் ஆக்கினார். மணி அதிகாலை நாலு. நாள் முழுவதும் உழைத்த மனிதன், விறைத்த கையோடு, அநேகமாகக் காலியான மைதானத்தில், அவ்வளவு தூரத்திலிருந்து அப்படி எறிந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. அந்த இடத்தில் கை தளர்ந்திருந்தால் தோல்விதான். தோற்றால் உடனே படுக்கை. அவர் தளரவிடவில்லை.

இதற்குள் லீக்கின் தலைவர் ஹெரால்ட் கூப்பரை எப்படியோ டெலிபோனில் பிடித்துவிட்டார்கள். திகைத்துப்போன அவர், நடக்கிற இன்னிங்ஸ் முடிந்ததும் நிறுத்திவிடுங்கள் என்று உத்தரவிட்டார். அதிகாலை 4 மணி 7 நிமிஷத்துக்கு, இரண்டுக்கு இரண்டு என்ற கணக்கில், முப்பத்திரண்டு இன்னிங்ஸோடு ஆட்டம் நின்றது, முடியவில்லை. அதற்கு முன் இருந்த சரித்திரம் 1966-ல் பிளாரிடாவில் நடந்த 29 இன்னிங்ஸ். மேஜர் லீகில் அதிகபட்சம் 1920-ல் நடந்த 26 இன்னிங்ஸ்தான். ஆசனங்களில் அப்போது மிஞ்சியிருந்தவர்கள் பத்தொன்பது பேர். அவர்களுக்குப் பென் மாண்டர் இலவச அனுமதிச் சீட்டு வழங்கி மரியாதை செய்தார். ஆட்டக்காரர்களோ, பண்டிகை நாளின் விடியற்காலையில் வீட்டுக்குப் போய்ச் சற்றுக் கண்ணயர்ந்துவிட்டு, அன்றைய ஆட்டத்துக்குத் திரும்பி வந்தார்கள். ஆம், அன்றைக்கும் ஓர் ஆட்டம் இருந்தது!

மிச்சத்தை ஜூன் 23-ந் தேதி, ராச்செஸ்டர் மறுபடி பட்டக்கெட்டுக்கு வந்தபோது வைத்துக்கொண்டார்கள். அந்தச் சமயம் மேஜர் லீக் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். பெரிய மைதானங்களெல்லாம் வெறிச்சென்று கிடந்தன. ஆகவே தேசத்துப் பத்திரிகைக்காரர்களும் டெலிவிஷன்காரர்களும் இந்தச் சின்ன ஊரை நோக்கி வந்து குவிந்தார்கள். ஏப்ரலில் பத்தொன்பது பேர் பார்த்த ஆட்டத்தின் முடிவைப் பார்க்க அன்று 5,746 பேர் கூடியிருந்தார்கள்.

முப்பத்துமூன்றாவது இன்னிங்ஸ். பாப் ஓஹேடா பந்தெறிந்து ராச்செஸ்டருக்கு ஓட்டமில்லாமல் தடுத்தார். பட்டக்கெட்டின் முறை வந்தது. மார்ட்டி பாரெட்டின் மேல் பந்து பட்டதால் அவருக்கு முதல் தளம் தானாகவே கிடைத்தது. சிக்கோ வாக்கரின் அடியால் பாரெட் மூன்றாம் தளம் சேர்ந்தார். ராச்செஸ்டர் லாரிபீயை வேண்டுமென்றே முதல் தளத்துக்கு அனுப்பி, மூன்று தளங்களையும் நிரப்பிவிட்டுப் பந்தெறிபவரை மாற்றியது. அப்போது மட்டையோடு வந்தவர் டேவ் கோஸா. இடது பக்கம் ஓர் அடி. பாரெட் ஓடி வந்து வீட்டை மிதித்தார். மூன்றுக்கு இரண்டு. இரண்டு முறை பின்தங்கிய பட்டக்கெட், தன் சொந்த மைதானத்தில், முதல் பந்து எறியப்பட்டு அறுபத்தாறு நாள் கழித்து ஜயித்தது. அன்றைக்கு ஆடியது பதினெட்டே நிமிஷம். மொத்தம் 8 மணி 25 நிமிஷம். தொழில்முறைப் பேஸ்பாலில் அதைவிட நீண்ட ஆட்டம் இன்றுவரை நடந்ததில்லை.

கதையை இங்கே நிறுத்தினேன். வகுப்பு கை தட்டியது. "ஆகையால் நாம் அனைவரும்" என்று நிறுத்திய அந்தப் பையன் எழுந்து நின்றான். "அந்தக் கோஸா அப்புறம் பெரிய ஆட்டத்துக்குப் போனாரா, ஸார்?" என்று கேட்டான்.

நான் மற்றவர்களைப் பற்றிச் சொன்னேன். அன்று பட்டக்கெட்டுக்காக மூன்றாம் தளத்தில் நின்ற வேட் பாக்ஸ், பின்னால் மேஜர் லீகில் 3,010 முறை பந்தை அடித்துத் தளம் சேர்ந்தார். 2005-ல் பேஸ்பால் கீர்த்தி மண்டபத்தில் இடம் பெற்றார். ராச்செஸ்டருக்காக அதே மூன்றாம் தளத்தில் நின்ற கால் ரிப்கென், 1982 முதல் 1998 வரையில் ஒரு நாளும் விடுப்பு எடுக்காமல் தொடர்ந்து 2,632 ஆட்டங்கள் ஆடி, 2007-ல் அதே மண்டபத்துக்குப் போனார். புரூஸ் ஹர்ஸ்டும் பாப் ஓஹேடாவும் 1986-ம் வருஷத்து உலகத் தொடரில் எதிரெதிர்க் கட்சிகளில் பந்தெறிந்தார்கள். துவாரத்தின் வழியே பார்த்த ஜோ மார்கன் 1988-ல் பாஸ்டன் கட்சிக்கே மேனேஜர் ஆனார்.

"கோஸா, ஸார்?" என்றான் பையன் மறுபடியும்.

"போகவில்லை" என்றேன். டேவ் கோஸா மேஜர் லீகில் ஒரே ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. நாற்பது மைல் தூரத்திலிருந்து அவருக்கு அழைப்பு வரவே இல்லை. சில வருஷங்களில் அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்துவிட்டது.

வகுப்பு முழுவதும் "ச்சு" கொட்டியது. அந்தச் சத்தத்தின் பொருள் எனக்கு நன்றாகத் தெரியும். அவ்வளவு பாடுபட்டும் பிரயோஜனம் என்ன என்பதுதான் அது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. அன்றைக்கு மணி அடித்ததற்காக நான் சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்கவில்லை.

இதை எங்கள் கணக்கு வாத்தியாரிடம் சொன்னேன். அவர் கறாரான மனிதர். "என்ன ஸார் இது! ஒரு ஓட்டத்துக்காக எட்டரை மணி நேரமா? விதிப் புத்தகத்தில் ஒரு பக்கம் விட்டுப்போனதால் நடந்த கூத்தை நீங்கள் விடாமுயற்சி என்று பிள்ளைகளுக்குப் போதிக்கிறீர்களே?" என்றார்.

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. டேவ் ஹப்பர்ட் அன்றிரவு 31 இன்னிங்ஸ் குந்தியபடியே பந்து பிடித்தார். ஜிம் அம்பார்கர் நள்ளிரவுக்குப் பின் வந்து, ஓர் ஓட்டமும் கொடுக்காமல் பத்து இன்னிங்ஸ் பந்தெறிந்தார். கிட்டத்தட்ட ஒரு முழு ஆட்டத்துக்குமேல் அது. டல்லஸ் வில்லியம்ஸ் பதின்மூன்று முறை அடித்துப் பார்த்தும் ஒரு முறைகூடத் தளம் சேரும்படி அடிக்க முடியவில்லை. உடம்பைக் கெடுத்துக்கொள்ளும்படி யாரையும் ஆடவைக்கக்கூடாது என்பது சரியான அபிப்பிராயம். அதனால்தானே 2018 முதல் மைனர் லீகில் புது விதி செய்தார்கள்? பத்தாவது இன்னிங்ஸிலிருந்து ஒவ்வொரு கட்சிக்கும் இரண்டாம் தளத்தில் ஓர் ஆளை இலவசமாகவே நிறுத்திவிடுகிறார்கள். ஓட்டம் சீக்கிரம் வருகிறது. ஆட்டம் சீக்கிரம் முடிகிறது. 2020-ல் மேஜர் லீகும் அந்த விதியைக் கைக்கொண்டது. ஆகவே இனிமேல் முப்பத்துமூன்று இன்னிங்ஸ் என்பது நடக்கக்கூடிய காரியம் அல்ல. ஆட்டக்காரர்களின் தோள்களுக்கு அது நல்லதென்றே நானும் எண்ணுகிறேன்.

ஆனால் என் மனத்தில் இருந்தது வேறு விஷயம். அந்த இரவை நீட்டியது விதியின் பிழையாக இருக்கலாம். நீண்ட அந்த இரவில் ஒவ்வொருவரும் நடந்துகொண்ட விதம் அவரவருடையது. இருபத்தொன்றாவது இன்னிங்ஸில் கோஸா சும்மா மட்டையை வீசிவிட்டு வந்திருக்கலாம். முப்பத்திரண்டாவதில் போவென் பந்தைச் சற்றே அப்பால் எறிந்திருக்கலாம். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். பாஸ்டனிலிருந்து அன்றிரவு யாரும் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கவில்லை. தோற்றால் நஷ்டமும் பெரிதில்லை; பருவத்தின் ஆரம்பத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்களில் ஓர் ஆட்டம். இருந்தும் இரு கட்சியிலும் எவரும் ஆட்டத்தைக் கைவிடவில்லை.

நான் பட்டம் பெற்று இந்தத் தொழிலுக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. என்னிடம் படித்தவர்களில் சிலர் பெரிய உத்தியோகங்களில் இருக்கிறார்கள். என்னோடு கல்லூரியில் படித்தவர்களிலும் அப்படிச் சிலர் உண்டு. நான் அதே பள்ளிக்கூடத்தில், அதே வகுப்பில், அதே வியாசங்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். சில இரவுகளில் அறுபதாவது புத்தகத்தைத் திறக்கும்போது, இதை ஒழுங்காகப் படித்தேனா, மேலோட்டமாகக் கையெழுத்துப் போட்டேனா என்று யார் பார்க்கப்போகிறார்கள் என்ற எண்ணம் வருவதுண்டு. அப்படி மேலோட்டமாகத் தள்ளிவிட்ட நாட்களும் உண்டு என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். ஆகையால் பையனின் கேள்வி கோஸாவைப் பற்றியது என்று மட்டும் என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கோஸாவுக்கு அந்த அடியால் மேல்படி கிடைக்கவில்லை என்பது உண்மை. அதற்கு ஆறுதலாக ஏதேனும் சொல்லி அவர் இழப்பைச் சிறிதாக்குவது நியாயமல்ல. பிள்ளைகள் "ச்சு" கொட்டியது சரியே. ஆனால் பாக்ஸும் ரிப்கெனும் சேர்ந்து ஆடிய அந்த ஆட்டத்தை முடித்துக் கொடுத்தவர் அவர். எட்டரை மணி நேரம் எத்தனையோ பேர் பட்ட பாட்டுக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது. அவர் முறை வந்தபோது அவர் தயாராக இருந்தார். ஜூன் மாதத்தில் 5,746 பேர் பார்க்கத் தயாராக இருந்தது பெரிதல்ல. ஏப்ரலில் பத்தொன்பது பேர் பார்க்கும்போதும் அவர் அப்படியே இருந்தார் என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

பட்டக்கெட்டின் கதையையும் முடித்துவிடுகிறேன். 2020-ல் தொற்றுநோயினால் மைனர் லீக் பருவமே நடக்கவில்லை. 2021 முதல் அந்தக் கட்சி மாசசூசெட்ஸ் ராஜ்யத்து உஸ்டர் நகருக்குக் குடிபோய்விட்டது. மக்காய் ஸ்டேடியம் புல் முளைத்துக் கிடந்தது. 2025-ல் அதை இடிக்கத் தொடங்கினார்கள். அந்த நிலத்தில் என்ன வரப்போகிறது தெரியுமா? ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு புதிய உயர்நிலைப் பள்ளிக்கூடம். மணி அடிக்காத ஆட்டம் நடந்த இடத்தில் இனிமேல் வேளாவேளைக்கு மணி அடிக்கும்!

மறுவாரம் அந்தப் பையனின் வியாசப் புத்தகம் மறுபடி என்னிடம் வந்தது. பழைய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். "ஆகையால் நாம் அனைவரும்" என்பதற்குப் பிறகு, வேறு மையில், "நம் முறை வரும்போது ஒழுங்காக அடிக்கவேண்டும், யாரும் பார்க்காவிட்டாலும்" என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்திருந்தான். "அடிக்கவேண்டும்" என்ற சொல்லை அவனுடைய தகப்பனார் பார்த்தால் என்ன நினைப்பாரோ என்று சற்றுக் கவலையாகத்தான் இருந்தது. ஆனாலும் அதை நான் திருத்தவில்லை.